தீர்ந்துபோன பச்சைப் பேனைகள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இரண்டாம் தவணை தொடங்கியபோது 'சமூக, மனவெழுச்சிக் கற்றல்' என்ற புதிய பொறுப்பு எங்கள் பாடசாலைக்கு வந்தது. அதிபர் அதை என்னிடம் தந்தார். நான் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை. புரொஜெக்டரை இயக்கத் தெரிந்தவள் என்பதைத் தவிர இந்தப் பொறுப்புக்கு எனக்கு வேறு தகுதி இருக்கவில்லை.

2. கண்டியில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன்.

3. ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் ஓர் அட்டை ஒட்டினேன். காலையில் பிள்ளைகள் தங்கள் இலக்கத்துக்கு நேரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். மனம் நன்றாக இருந்தால் பச்சை. அவ்வளவாக இல்லையென்றால் மஞ்சள். சரியில்லை என்றால் சிவப்பு.

4. அதிக பச்சை பெறும் வகுப்புக்கு வாரந்தோறும் ஒரு கொடி தருவதாக அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். எந்த வகுப்பு என்று கணக்கிடும் சூத்திரத்தைக் கணினியில் எழுதியது நான்.

5. மூன்றாவது வாரத்துக்குள் பாடசாலை முழுவதும் பச்சையாகிவிட்டது.

6. ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை, தரம் எட்டில் ஒரு பிள்ளை சிவப்புப் புள்ளி வைத்தாள்.

7. அடுத்த திங்கட்கிழமை தரம் எட்டு ஒரே ஒரு புள்ளியால் கொடியை இழந்தது.

8. செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை.

நாலுக்கும் எட்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு நாள் எடுத்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தொடர்புகளைக் கண்டுபிடிப்பதுதான் நான் படித்த படிப்பு. ஆசிரிய நியமனம் கிடைப்பதற்கு முன் கண்டியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தேன். மற்றவர்கள் எழுதிய நிரல்களில் எங்கே பிழை என்று தேடி, படி ஒன்று, படி இரண்டு என்று இலக்கமிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. வேறொருவர் இந்த அட்டையைச் செய்து என் மேசையில் வைத்திருந்தால், முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பாடசாலை கலஹாப் பாதையில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறார்கள். மற்றவர்கள் பாதையோரக் கடைக்காரர்களின் பிள்ளைகள். நான் தினமும் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஆறு மணி பஸ் ஏறி, பேராதனையில் பாதித் தூக்கத்தை முடித்துக்கொண்டு, மீதித் தூரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறவள்.

எங்கள் பாடசாலையில் எதற்கும் ஓர் இடம் உண்டு. முதலாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். துப்புரவான வகுப்புக்கு நீலக் கொடி. அழகான கையெழுத்துக்கு ஒரு சான்றிதழ். வகுப்புத் தோட்டத்தில் பெரிய பூசணிக்காய்க்கு ஒரு பரிசு. பிள்ளைகளிடம் எதையாவது செய்யச் சொன்னால், முதலில் வரும் கேள்வி அது ஏன் என்பதல்ல, அதற்கு எத்தனை புள்ளி என்பதுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நீலக் கொடி இருப்பதால்தான் எங்கள் முற்றத்தில் ஒரு டொஃபித் தாளைக்கூடக் காண முடியாது.

ஆகவே அட்டைகள் ஒட்டிய அடுத்த வாரமே, "இதுக்கும் ஒரு கொடி வைச்சால் என்ன?" என்று அதிபர் கேட்டபோது எனக்கு அது இயல்பாகவே பட்டது. மனையியல் ஆசிரியை பச்சைத் துணியில் ஒரு கொடி தைத்தார், நடுவில் சிரிக்கும் முகம் ஒன்றையும் வைத்து. வெள்ளிக்கிழமை தோறும் நான் அட்டைகளைப் பார்த்து எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றுவேன். திங்கள் காலைக் கூட்டத்தில் முடிவு வரும்.

அந்தரங்கத்தைப் பற்றியும் நான் யோசித்திருந்தேன். அட்டையில் பெயர்கள் இல்லை. வரவுப் பதிவேட்டில் உள்ள இடாப்பு இலக்கம் மட்டும். பெயரில்லாவிட்டால் யார் எந்த நிறம் என்று தெரியாது என்று நம்பினேன். தரம் எட்டில் இருப்பது இருபத்தாறு பேர். தினமும் காலையில் இலக்கம் சொல்லித்தான் வரவு எடுக்கிறோம். ஒருவரின் இலக்கம் அங்கே இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அலுவலகத்தில் படித்ததை அப்படியே கொண்டுவந்து வகுப்பறையில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஐந்தாவது வாரம் பச்சைப் பேனைகள் தீர்ந்துவிட்டன. கண்டியில், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் புத்தகக் கடைக்குப் போனேன். பச்சை மட்டும் இரண்டு டசின் வேண்டும் என்றேன்.

"என்ன டீச்சர், காடு வரையப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். நானா என்றுதான் நான் அவரை அழைப்பேன், முஸ்லிம் வழக்கில் அண்ணன்.

"புள்ளைங்களோட சந்தோஷத்துக்கு நானா."

"அப்ப ரெண்டு டசின் காணுமா? எங்கட வூட்டுப் புள்ளைகளுக்கு ஒரு லொறி வேணும்."

நான் சிரித்துக்கொண்டு வாங்கி வந்தேன். பச்சை தீர்ந்தது, மற்ற இரண்டும் ஏன் தீரவில்லை என்ற கேள்வி அந்தக் கடையிலோ, திரும்பி வந்த பஸ்ஸிலோ எனக்கு வரவில்லை. எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஏறும் எண்களைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் இங்கே கண்ணை மறைத்தது.

அந்தச் சிவப்புப் புள்ளியையும் நான் பார்க்காமல் இல்லை. வெள்ளிக்கிழமை பதிவேற்றும்போது திரையில் அந்த ஒரு கட்டம் மட்டும் சிவந்து நின்றது. ஒரு நாளைக்கு ஒரு சிவப்பு, பரவாயில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையிடம் பேச வேண்டும் என்று என் கொப்பியில் குறித்தும் வைத்தேன். பதினோராவது வேலையாக. பத்தாவது, பிரின்டருக்கு மை.

எட்டாம் வகுப்பின் பொறுப்பாசிரியை தமிழ் படிப்பிப்பவர். கடுகண்ணாவைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற முஸ்லிம் ஆசிரியை, மூன்று பிள்ளைகளின் உம்மா. பிள்ளை வராத மூன்றாம் நாள் அதே தோட்டத்துப் பிள்ளைகளிடம் விசாரித்தார். சுகமில்லையாம் என்றார்கள். அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை, தரம் எட்டின் மொனிட்டர், அதாவது வகுப்புத் தலைவி, கணினி அறைக்கு வந்தாள். கெட்டிக்காரி, இரட்டைப் பின்னல், எப்போதும் ஓட்டம்.

"டீச்சர், எங்க வகுப்புல பச்சை முடிஞ்சிருச்சு. இன்னொன்னு தாங்க."

வகுப்புப் பேனைப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். திறந்து பார்த்தேன். பச்சைப் பேனைகள் மூன்றும் காய்ந்து, முனை நைந்து கிடந்தன. மஞ்சள் பேனையில் கடை ஸ்டிக்கர் இன்னும் கிழியாமல் இருந்தது. சிவப்பு ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது.

"இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிஞ்சது?"

"லேட்டா வர்றவங்களுக்கும் நானே போட்டுருவேன் டீச்சர். அவங்க மறந்துருவாங்க." அதில் அவளுக்குப் பெருமை.

"அவங்க எப்படி இருக்காங்கன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பச்சைதானே டீச்சர்."

"யாராச்சும் மஞ்சள் போடணும்னு சொன்னா?"

"விட மாட்டோம். கொடி போயிருமே."

"அப்ப அந்தச் சிவப்பு?"

அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அவ எனக்கு முன்னாடியே வந்து போட்டுட்டா. அழிக்க டிப்பெக்ஸ் தேடினேன், கெடைக்கல்ல."

பிறகு நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான்கு வாரம் கதவில் தொங்கிய கொடி ஒரு புள்ளியால் ஒன்பதாம் வகுப்புக்குப் போனது. யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பேசுவதை நிறுத்தினார்கள். அவளுடைய கதிரையையும் மேசையையும் தூக்கி, கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்த அட்டைக்கு நேரே, சுவரைப் பார்த்தபடி போட்டார்கள்.

"எதுக்கு?"

"பாத்துக்கிட்டே இருக்கட்டும்னு."

அன்று முழுவதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாடம் எடுக்க வந்தவர்கள், கரும்பலகை தெரியாததால் முன்னால் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

மொனிட்டரை நான் ஏசவில்லை. ஏசுவதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தக் கொடிக்கு அவளை ஓட வைத்த சூத்திரம் என்னுடையது. அது ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்திருந்தது.

அன்று பாடசாலை விட்டதும் நானும் பொறுப்பாசிரியையும் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் இருக்கை கிடைத்ததும் அவர் கேட்டார், "டீச்சர், நீங்க இன்னைக்கு என்ன நிறம்?"

"பச்சை," என்றேன், யோசிக்காமல்.

"பாருங்களே! முகத்தப் பாத்தா மொளகாப் பழம் மாதிரி ஈக்கிது, வாய் பச்சைன்னு சொல்லுது." அவர் சிரித்தார். "நானும் அப்படித்தான். வூட்டுல மூத்த மகன் ரெண்டு நாளா சாப்பாட்டோட கோவம். ஆனா காலைல இங்க வந்ததும், நல்லா ஈக்கிறேன், நல்லா ஈக்கிறேன். பெரியவங்க நாமளே இப்படி. புள்ளைகளுக்கு மட்டும் அட்டை போட்டு வெச்சீக்கிறோம்."

தோட்டத்து நிறுத்தத்தில் இறங்கி, மேட்டில் கால் மணி நேரம் நடந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், நாலாவது வீடு. பிள்ளை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள், ஓடவில்லை. சுகமில்லாத பிள்ளையாகத் தெரியவில்லை.

அப்பாவின் தங்கை, அவளுடைய அத்தை, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் மேட்டில் ஏறி வந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் கட்டட வேலை. அம்மா குவைத்தில். இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இந்த அத்தைதான்.

"வாங்க டீச்சர், உள்ள வாங்க. ஒக்காருங்க. பிளேன்டி ஊத்துறேன்." நாங்கள் மறுக்க மறுக்க அடுப்படிக்குப் போனார். அங்கிருந்தபடியே பேசினார். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் டீச்சர். போக மாட்டேன்னு ஒரே பிடி. நான் மலைக்குப் போயிட்டா வீட்டுல தனியாக் கெடக்குது. வயசுக்கு வந்த புள்ள. கண்டியில ஒரு வீட்டுல கைப்புள்ள பாத்துக்க ஆள் கேக்குறாங்க. நல்ல மனுசங்க. வர்ற செவ்வாக்கெழமை ஓட்டோ அனுப்புறேன்னு சொல்லியிருக்காங்க. இங்க சும்மாக் கெடக்குறதுக்கு அங்கயாச்சும் பாதுகாப்பா இருக்கும்."

பொறுப்பாசிரியை என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அப்படிப் போன பிள்ளைகளை எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு மாதம் என்று போவார்கள். பிறகு அவர்களைப் பஸ் நிலையத்தில் யாருடையதோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் பார்ப்போம். பதின்மூன்று வயதில் அது சட்டப்படியும் தப்பு என்று பொறுப்பாசிரியை அத்தையிடம் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார். அத்தை கோப்பைகளை வைத்துவிட்டு, "அப்ப அதை ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்க டீச்சர். நானா வேணாங்குறேன்?" என்றார். நியாயமான பதில்.

நான் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் வரல்ல?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "டீச்சர்தானே சொன்னீங்க, உள்ளதப் போடுங்கன்னு."

"ஆமா."

"உள்ளதப் போட்டேன்."

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். பிறகு அவளே சொன்னாள். தீபாவளிக்கு வருவதாக அம்மா சொல்லியிருந்தாராம். செவ்வாய்க்கிழமை போனில் பேசும்போது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாராம். மறுநாள் காலை அவள் முதல் ஆளாக வகுப்புக்குப் போய் அந்தப் புள்ளியை வைத்தாள்.

"சிவப்புப் போட்டா டீச்சர் வந்து என்னன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

பதினோராவது வேலை என்று சொல்ல முடியுமா?

"அவங்க பேசாட்டி எனக்கு ஒன்னும் இல்ல," என்றாள். "ஆனா வந்தா பச்சை போடச் சொல்லுவாங்க. பொய் போட ஏலாது டீச்சர். அதுக்கு அந்த வீட்டுக்கே போயிரலாம்."

"அட்டை இல்லாட்டி வருவியா?"

முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்துருவீங்களா?"

"திங்கட்கிழமை நீ வரும்போது எந்த வகுப்புலயும் அட்டை இருக்காது."

அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப திங்கக்கெழமை போவட்டும். போனா, ஓட்டோவ வேணாம்னு சொல்லிர்றேன். போவாட்டி செவ்வா அவங்க வந்துருவாங்க டீச்சர். பெறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

இறங்கி வரும்போது பொறுப்பாசிரியை கேட்டார், "அட்டையை எடுக்குறதுன்னு சேர்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்லை."

"வலயக் கல்வி ஒஃபிஸ்லேந்து அதப் பாக்கத்தானே அடுத்த புதன் வாறாங்க?"

"ஆமா."

"அல்லாஹ்வே," என்றார். பிறகு, "சரி, நானும் வாறேன்," என்றார்.

உறுதியில்லாததை உறுதியாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று சொன்னேன். ஆனால் பயமாக இருக்கவில்லை. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டால் எனக்கு எப்போதும் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதி, ஆதாரத்தை ஒழுங்காக அடுக்குவது.

அடுக்கினேன். வியாழக்கிழமை முதல் பாடவேளையில் மடிக்கணினியோடு அதிபர் அறைக்குப் போனோம். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கலியாணம் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதமும் அவர்தான்.

"சேர், மனநிலை அட்டைகளை எடுக்கணும்."

"எடுக்கிறதோ? அதைப் பாக்கத்தானே அவை வருகினம். மாதிரித் திட்டம் எண்டு எழுதியும் அனுப்பியாச்சு."

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இந்த நாளப் பாருங்க சேர். தரம் ஒன்பது, எல்லாரும் பச்சை."

"ஓம், நல்லதுதானே."

"அன்னைக்குக் காலையில, புள்ளி வைக்கிறதுக்கு முன்னாடித்தான் நீங்க கணித விடைத்தாளத் திருத்திக் குடுத்தீங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியைப் பார்த்தார். வகுப்பில் பாதிப்பேர் அன்று சித்தியடையவில்லை. அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது.

"நாலு பிள்ளையள் அழுததுகள்," என்றார்.

"ஆமா சேர்."

"அழுதுகொண்டோ பச்சை வைச்சதுகள்?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே நிறுத்தினார்.

அதன் பிறகு நான் தரம் எட்டில் நடந்ததையும், கதிரையையும், செவ்வாய்க்கிழமை வரப்போகும் ஓட்டோவையும் சொன்னேன். பொறுப்பாசிரியை என் பக்கத்திலேயே நின்றார். அவர் அங்கே நின்றதே போதுமானதாக இருந்தது. அதிபர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"எல்லாம் சரி டீச்சர். ஆனால் கொடி இல்லாட்டி இந்தப் பிள்ளையள் ஒண்டும் செய்யாதுகள். நான் எத்தினை வருசமாப் பாக்கிறன்."

"முற்றம் கூட்டுறதுக்குக் கொடி சரி சேர். முற்றத்தை நாம பாக்கலாம், சுத்தமா இல்லையான்னு. மனசை அப்படிப் பாக்க ஏலாதே. அவங்க சொல்றதுதான். சொல்றதுக்குப் பரிசு வெச்சா, பரிசுக்கு ஏத்த மாதிரித்தான் சொல்லுவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் கேட்டேன், "இன்னைக்கு நீங்க என்ன நிறம் சேர்?"

"நானோ?" சற்று யோசித்தார். "காலமை தொடக்கம் தாங்கியில தண்ணி இல்லை. குழாய்க்காரன் போனை எடுக்கிறானில்லை. மஞ்சள் எண்டு போடுங்கோ."

"காலைக் கூட்டத்துல, எல்லார் முன்னாலயும் கேட்டிருந்தா?"

"பச்சை எண்டுதான் சொல்லியிருப்பன்," என்றார். பிறகு நீண்ட மூச்சு விட்டார். "சரி. கழட்டுங்கோ. புதன்கிழமை அவைக்கு என்னத்தைக் காட்டுறது?"

"என்ன பிழைச்சதுன்னு காட்டுவோம்."

"ஆற்ற பிழை எண்டு சொல்லுறது?"

"கொடி உங்களது. சூத்திரம் என்னது."

"அப்ப பாதிப் பாதி," என்றார். அதோடு எழுந்து தாங்கியைப் பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எல்லா அட்டைகளையும் கழற்றினேன். தரம் எட்டுக்குக் கடைசியாகப் போனேன். அட்டையை எடுத்ததும் சுவரில் பசை ஒட்டிய நாலு அடையாளம் மிஞ்சியது. அதற்கு நேரே அந்தக் கதிரை.

"அப்ப கொடி, டீச்சர்?" என்று ஒரு குரல்.

"பச்சைக் கொடி இனி இல்லை."

"நீலக் கொடி?"

"அது இருக்கு."

வகுப்பு மூச்சு விட்டது. நான் அவர்களிடம் சுருக்கமாகப் பேசினேன். மனதை எண்ணிப் பரிசு கொடுத்தது பிழை, அதைச் செய்தது நான், இனி அது நடக்காது என்றேன். வராத பிள்ளையின் வீட்டு விடயம் எதையும் சொல்லவில்லை. அது அவளுடையது. நல்ல பிள்ளைகளாக இருங்கள் என்றும் சொல்லவில்லை.

மொனிட்டர் கையை உயர்த்தினாள். "அவ வருவாளா டீச்சர்?"

"தெரியாது. வந்தா எங்க உட்காருவா?"

மொனிட்டர் எழுந்து போய் அந்தக் கதிரையைத் தூக்கினாள். இன்னொருத்தி மேசையைப் பிடித்தாள். ஜன்னலோரம், பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நான் சொல்லாமலே ஒருத்தி தூசையும் தட்டினாள். அது நீலக் கொடிப் பழக்கம்.

அட்டைக்குப் பதிலாக என்ன செய்வது என்பதற்கு நான் எங்கும் தேடிப் போகவில்லை. அது ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. மணி அடிப்பதற்கு முன் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக முற்றம் கூட்டுகிறார்கள். ஆளுக்கொரு விளக்குமாறு, கை ஒரு வேலையில், கண் தரையில். அந்த நேரத்தில் அவர்கள் பேசிக்கொள்வதை நான் எத்தனையோ காலை கேட்டிருக்கிறேன். வீட்டில் சண்டை, மாடு கன்று போட்டது, யாரும் கேட்காமலே எல்லாம் வரும். ஆனால் எப்போதும் நண்பர்களே சேர்ந்து கூட்டினார்கள். தனியாக இருப்பவர் தனியாகவே கூட்டினார்.

ஆகவே துப்புரவு அட்டவணையை மாற்றினேன். வாரத்துக்கு ஒரு முறை ஜோடி மாறும். யாரோடு யார் என்பது குலுக்கல். மூன்று விதிகள் மட்டும்:

கூட்டத் தொடங்கும் முன், எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும்.

பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

கேட்டதை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. தாங்க முடியாத விடயம் என்றால் மட்டும், சொன்னவரையும் அழைத்துக்கொண்டு ஒரு டீச்சரிடம் வர வேண்டும்.

ஆசிரியர்களும் அட்டவணையில் உண்டு. அதிபரின் முதல் வார ஜோடி சங்கீத ஆசிரியை. குலுக்கலில் தரம் எட்டின் மொனிட்டருக்கு வந்தது அந்தப் பிள்ளையின் பெயர். அந்த ஒரு சீட்டை நான் குலுக்கவில்லை. கையால் வைத்தேன். இதையும் எழுதிவிடுவது நல்லது.

திங்கட்கிழமை தூறிக்கொண்டிருந்தது. நான் ஒரு பஸ் முன்னதாகவே வந்திருந்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டமாக வாயிலில் நுழைந்தார்கள். அவள் இல்லை. ஏழு பத்துக்குக் கூட்டத் தொடங்க வேண்டும். மொனிட்டர் இரண்டு விளக்குமாறுகளை வைத்துக்கொண்டு பலா மரத்தடியில் நின்றாள். மற்ற ஜோடிகள் தொடங்கிவிட்டன. அவள் தொடங்கவில்லை. பொறுப்பாசிரியை பஸ் இறங்கி வந்து, என்னிடம் புருவத்தை உயர்த்திக் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன்.

ஏழு இருபதுக்கு அவள் வந்தாள். குடை இல்லை, பை மேல் ஒரு பொலித்தீன் உறை. நேராக வகுப்புக்குப் போனாள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். சுவரில் பசை அடையாளங்களைப் பார்த்திருப்பாள். பையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். நான் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், கேட்கும் தூரத்தில் நின்றேன்.

மொனிட்டர் ஒரு விளக்குமாற்றை நீட்டினாள். "இந்தா. அந்தப் பக்கம் நீ கூட்டு."

"அந்தப் பக்கம்தான் குப்பை கூட."

"ஆமா."

"நான் இவ்வளவு நாளா வரவே இல்ல. எல்லாம் ஒன்னோட குப்பை. நீ கூட்டு."

மொனிட்டருக்கு முதலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு சிரித்துவிட்டாள். "சரிடி, ராணி," என்று குப்பை கூடின பக்கம் போனாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"கேக்க மறந்துட்டேன். எப்படி இருக்கே?"

"சிவப்பு."

"ஏன்?"

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. மூன்றாம் விதிப்படி, அதற்குப் பிறகு வருவது அவர்கள் இருவருக்கும் மட்டும். கணினி அறைக்குப் போய் அன்றைய வரவு விவரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தரம் எட்டு, இருபத்தாறு பேர், வந்தவர் இருபத்தாறு. அதை மட்டும் பதிந்தேன்.

புதன்கிழமை வலயத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதிபர் கொடியையும் நான் சூத்திரத்தையும் காட்டினோம், அவரவர் பங்கைச் சொன்னோம். ஒருவர் நிறையக் குறித்துக்கொண்டார். மற்றவர், "அப்ப இப்ப தரவு ஒன்னும் இல்லையா?" என்று கேட்டார். "இல்லை சேர், முற்றம் இருக்கு," என்றேன். அவருக்கு அது பிடித்ததா என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதுவது மூன்றாம் தவணையில். நிலவரம் இதுதான். ஓட்டோ வரவில்லை. அந்தப் பிள்ளை தினமும் பாடசாலைக்கு வருகிறாள். இரண்டு நாள் மட்டும் காய்ச்சலால் வரவில்லை. அம்மா இன்னும் குவைத்தில்தான் இருக்கிறார். துப்புரவு ஜோடிகள் திங்கள் தோறும் மாறுகின்றன. இரண்டு முறை பிள்ளைகள் ஜோடியாக என்னிடம் வந்தார்கள், அந்த இரண்டையும் அன்றே கவனித்தேன். நீலக் கொடி இப்போது ஏழாம் வகுப்பில். பச்சைக் கொடி அதிபரின் அலுமாரிக்குள். திறக்காத சிவப்புப் பேனைகள் ஒரு பெட்டி மீதமிருந்தன. அவற்றை விடைத்தாள் திருத்த அதிபருக்குக் கொடுத்துவிட்டேன்.